கிளைடரை ஏற்றும் கயிறு

பட்டம் விட்டுப் பழகிய எவருக்கும் கிளைடர் வானேறும் முறை எளிதில் விளங்கும். கிளைடருக்கு எஞ்சின் இல்லை. மைதானத்தின் ஒரு கோடியில் விமானம் நிற்கும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மறுகோடியில் 'வின்ச்' என்னும் சுற்றுப்பொறி நிற்கும். இரண்டையும் இணைப்பது ஒரு வடம். வின்ச்சின் உருளை வடத்தை விரைந்து சுற்றிக்கொள்ள, விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் அளவான வேகத்தில் மூக்கை நிமிர்த்தி எழுகிறது. 300 அல்லது 400 மீட்டர் உயரம் எய்தியதும் விமானி கொக்கியை விடுவிக்கிறார்; வடம் சிறியதொரு பாராசூட்டின் துணையோடு தரைக்கு இறங்குகிறது. புனேயில் வாழும் நம் அன்பர்கள், 1950 ஆம் ஆண்டில் மத்திய அரசு ஹடப்சரில் நிறுவிய கிளைடர் நிலையத்தின் பக்கம் இக்காட்சியைக் கண்டிருக்கவும் கூடும்.

நெடுங்காலம் இவ்வடம் எஃகுக் கம்பிகளால் முறுக்கப்பட்டதாகவே இருந்து வந்தது. பின்னர்ச் செயற்கை இழைக் கயிறு போட்டிக்கு வந்தது. உயர்ந்த வகைப் பாலித்தீனிலிருந்து இழுக்கப்படும் இவ்விழையை 'டைனீமா' என்னும் பெயரில் நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனம் 1990 இல் பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. எஃகு நீரைப்போல் ஏழரை மடங்குக்கும் மேல் கனமுள்ளது; இவ்விழையோ நீரில் மிதப்பது. 5 மில்லிமீட்டர் பருமனுள்ள 1000 மீட்டர் எஃகு வடம் சுமார் 100 கிலோ நிறுக்கும். அதே அளவான செயற்கைக் கயிறு சுமார் 15 கிலோதான். வலிமையில் இது எஃகுக்கு இளைத்ததன்று.

இவ்வெடைக் குறைவின் பயன் என்ன? பட்டம் விடும் சிறுவன் கனத்த சணற்கயிற்றை நாடுவதில்லை; பட்டம் தன்னோடு நூலின் பாரத்தையும் தூக்க வேண்டும் என்பதை அவன் அறிவான். கிளைடரும் அவ்வாறே. வடம் இலேசானால் அதே மைதானத்தில் சற்றுக் கூடுதல் உயரம் கிட்டும்.

ஆயினும் உயரத்தைவிட நாம் பெரிதாகக் கருதுவது வடம் அறும் வேளையையே. விறைத்து நிற்கும் எஃகு அறுந்தால் சுருள் சுருளாகப் பின்னோக்கிப் பாயும்; அருகில் நிற்போருக்கு ஆபத்து. வின்ச் ஓட்டுநரைக் கம்பி வலைக் கூண்டுக்குள் அமர்த்துவது இதனாலேயே. செயற்கைக் கயிறும் அறுந்தால் துள்ளும். எனினும் எடை சிறிதாதலின் அதன் அடி கடுமையாக இராது. எஃகு பழையதானால் சிறு கம்பிகள் முறிந்து முள்ளாய் நீட்டி, கையுறையையும் துளைத்துக் கையைக் கிழிக்கும். கயிற்றில் இத்தொல்லை இல்லை.

வலிமை மிகுந்த கயிறே சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. விமானத்தின் அருகே வடத்தில் வேண்டுமென்றே வலுக்குறைந்த இணைப்பொன்று வைக்கப்படுகிறது. இழுவை எல்லை மீறினால் அதுவே முதலில் முறிந்து இறக்கைகளைக் காக்கும். எந்த விமானத்துக்கு எந்த இணைப்பு என்பதை நிறத்தால் குறிப்பர். கயிறு எவ்வளவு வலியதாயினும் இவ்விணைப்பை மாற்றுவதற்கு அது நியாயமாகாது.

புதுக் கயிற்றின் பகை உராய்வும் வெப்பமும். சுமார் 145 டிகிரி சென்டிகிரேடில் உருகும் பொருள் இது. அதற்கு வெகு முன்னரே வலு தளரும். தார் ஓடுபாதையிலோ கற்கள் நிறைந்த தரையிலோ இழுபட்டால் விரைவில் தேயும். எஃகு ஓடிக் காடியிட்ட பழைய கப்பிகளை மாற்றாமல் கயிறு பூட்டுவது வீண் செலவு. அக்காடியின் விளிம்பே கயிற்றை அறுத்துவிடும். இழுவையில் இறுகிச் சுற்றிய கயிறு மெலிந்த உருளையை நசுக்குவதும் உண்டு. எனவே புல்தரையும் உறுதியான உருளையும் உடைய நிலையங்கள், விலை அதிகமாயினும் கயிற்றைத் தேர்வதே நலம் என்பது நம் கருத்து. கரடுமுரடான தரையுள்ளோர் எஃகைக் கைவிட அவசரப்பட வேண்டுவதில்லை.

கயிறு அறுந்தால் முடிச்சிடுவது கூடாது. வழுவழுப்பான இழையில் முடிச்சு நழுவும், வலிமையும் குறையும். பின்னிய கயிறு உள்ளே பொள்ளலாக இருப்பதால், ஒரு முனையை மற்றதன் உள்ளே நெடுந்தூரம் செருகுவர். இழுக்க இழுக்க வெளிக்கயிறு உட்கயிற்றை இறுகப் பற்றும். பழகிய கைகள் மைதானத்திலேயே இதைச் செய்து முடித்து அடுத்த விமானத்தை ஏற்றிவிடுகின்றன.