அச்சத்துக்கு ஒரு மருந்து

பயம் வந்தால் நம் ஜெபம் குறுகிவிடும். "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்" என்பதோடு நின்றுவிடும். அப்படிக் கேட்பதில் தவறில்லை, வாசகர்களே. ஆனால் அதற்கு மேலும் ஒரு படி உண்டு.

1943 அக்டோபரில், சாங்கி சிறையிலிருந்த சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பிஷப் லெனர்ட் வில்சனை ஜப்பானிய கெம்பெய்தாய் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தது. தைரியம் வேண்டி ஜெபிக்கக்கூட அஞ்சியதாக அவரே பின்னர் சொன்னார். தைரியம் கிடைத்தால் அதைக் காட்ட மறுபடியும் அடிபட நேருமே! ஆகவே அடிப்பவர்களுக்காக ஜெபித்தார். இவர்களும் ஒரு காலத்தில் பெற்றோர் அன்பில் விளையாடிய பிள்ளைகள்தாமே என்று நினைத்தார். பிள்ளைகளை வெறுக்க முடியுமா?

அடி உடனே நிற்கவில்லை. வெறுப்பு நின்றது. போருக்குப் பின், அடித்தவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் கொடுத்தார்.

உங்களை அஞ்ச வைப்பவர் யார்? இன்றிரவு அவர் பெயரையும் உங்கள் ஜெபத்தில் சேர்த்துப் பாருங்கள்.