லேபிள் தைத்த புரதம்

தூத்துக்குடி பக்கத்துல எங்க புதியம்புத்தூருக்கு வந்தா தையல் மெஷின் சத்தம் காதைத் துளைக்கும். தீபாவளி ஆர்டர் நேரத்துல நாலு கடைக்காரங்க சட்டை ஒரே ஹால்ல கலந்து கிடக்கும். எது யாரோடதுன்னு காலர் லேபிளைப் பார்த்துத்தான் பிரிப்பாங்க. புரதத்துக்கு அந்த லேபிள்தான் பெப்டைடு டேக்.

ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வேண்டிய ஜீனைச் செருகினால், அது நம் புரதத்தைத் தயாரிக்கும். ஆனால் அதன் சொந்தப் புரதங்கள் ஆயிரக்கணக்கில் கூடவே கலந்திருக்கும். அதனால் ஜீனின் ஒரு முனையில் சில அமினோ அமிலங்களுக்கான குறியீட்டைச் சேர்த்துவிடுகிறோம். புரதம் லேபிளோடயே பிறக்கும்.

அதிகம் புழங்குவது ஹிஸ்-டேக், அதாவது வரிசையாக 6 ஹிஸ்டிடின். 1980-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவன ஆய்வாளர்கள் கொண்டுவந்த முறை இது. ஹிஸ்டிடினில் உள்ள இமிடசோல் வளையம் நிக்கல் அயனியைப் பற்றிக்கொள்ளும். நிக்கல் ஏற்றிய ரெசின் வழியே, உடைத்த செல்லின் சாற்றை விட்டால் டேக் உள்ள புரதம் ஒட்டும். மற்றவை பெரும்பாலும் வழிந்துவிடும். சுமார் 20 மில்லிமோலார் இமிடசோல் கலந்த பஃபரால் கழுவினால் அரைகுறையாக ஒட்டியவையும் போகும். அதையே 250 ஆக உயர்த்தினால், நிக்கலில் இடம்பிடிக்கும் போட்டியில் நம் புரதம் கழன்று வரும்.

போன செமஸ்டர் எங்க பேட்ச் இங்கதான் சறுக்குச்சு. கடைசிக் குழாயில் புரதமே இல்லை. மூணு நாள் வேலை போச்சுன்னு வழிந்த சாற்றைக் கொட்டப் போனோம். சீனியர் அக்கா தடுத்தாங்க: "இருங்கப்பா, டேக்கை வச்சுத் தேடிப் பாத்துட்டுக் கொட்டுங்க."

வெஸ்டர்ன் பிளாட் செய்து, ஹிஸ்-டேக்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டோம். வழிந்த சாற்றுக்கு நேராகப் பட்டை பளிச்சுன்னு தெரிஞ்சது. அப்புறம்தான் ரெசினைக் கவனிச்சோம். நீலம் போய் வெளுத்திருந்தது. பஃபரில் இருந்த இ.டி.டி.ஏ. நிக்கலையே பிடுங்கிட்டுப் போயிருச்சு! டயாலிசிஸ் செய்து அதை நீக்கி, புது ரெசினில் ஏற்றினோம். புரதம் கிடைச்சது.

ஒரே டேக், ரெண்டு வேலை: பிடிக்கவும் உதவும், தேடவும் உதவும். பிடி நழுவினாலும் தேட வழி இருக்கு. அதனால சுத்தமான புரதம் கையில் வரும்வரை எந்தச் சாற்றையும் கொட்டாதீங்க.

இன்னொண்ணு. லேபிள் சரியா இருந்தா தையலும் சரியா இருக்கும்னு எங்க ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. ஜெல்லில் ஒரே பட்டை வந்தாலும், அந்தப் புரதம் சரியாக மடிந்து தன் வேலையைச் செய்கிறதா என்று தனியாகச் சோதிக்கணும்.