டிரெயிலரில் ஏற்றிய ஜெனரேட்டரும் எர்த்து இணைப்பும்
வல்லம் வட்டாரக் குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் நெல், மணிலா, கரும்பு முதலிய பயிர்களுக்கு வேண்டிய ஜலம் பெரும்பாலும் கிணறுகளிலிருந்து மோட்டாரால் இறைக்கப்படுகிறது. மின்சாரம் நின்றால் பாசனமும் நிற்கும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரியருகே ‘ஃபெஞ்சல்’ புயல் கரையேறியபோது அண்டையிலுள்ள மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய காலங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் மூழ்குவது சகஜம். அப்பொழுது டிராக்டர் டிரெயிலரில் ஜெனரேட்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு களத்துக்கும் கொல்லைக்கும் செல்வது பெரிய உபகாரமாகும்.

ஆனால் ரப்பர் டயர்களின்மேல் நிற்கும் இந்த யந்திரத்துக்கு எர்த்து எது என்ற கேள்வியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணுகிறவர்களும் அருகில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, ஒயரைச் சுற்றிவிட்டால் பயமில்லையென்று நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை அபாயகரமானது. அதன் காரணத்தை ஒவ்வொரு குடியானவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

மின்சாரம் திரும்பும் வழி

மின்சாரம் எப்பொழுதும் மண்ணுக்குள் இறங்கி மறைந்துவிடும் என்பது தவறான எண்ணம். எந்த யந்திரத்தில் உற்பத்தியாயிற்றோ அந்த யந்திரத்துக்கே அது திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவதற்கு நல்ல செம்புக் கம்பி வழியிருந்தால் அதில் விரைந்து செல்லும். மண்ணும் மனித சரீரமுமே வழியானால் அவற்றின் மூலமும் செல்லும். ஆகவே பழுது நேர்ந்த கணத்தில் மின்சாரம் கம்பி வழியாக ஜெனரேட்டருக்குத் திரும்பி, டிரிப்பரை விழச் செய்வதே எர்த்து இணைப்பின் முதற்காரியம் என்று அறிக.

இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். நியூட்ரலைச் சட்டத்துடன் இணைத்த 230 வோல்ட் ஜெனரேட்டர் ஒன்றுக்கு ஒரு கம்பி அடித்திருக்கிறோம். சற்றுத் தூரத்தில் மணிலா உடைக்கும் யந்திரத்துக்கு இரண்டு ஒயர் மட்டும் இழுத்து, அதற்குத் தனியாக வேறொரு கம்பி அடித்திருக்கிறோம். மண்ணில் ஒவ்வொரு கம்பிக்கும் 50 ஓம் தடை இருப்பதாகக் கொள்க. யந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்தால், இரண்டு கம்பிகளின் 100 ஓம் தடை வழியே ஓடுவது 2.3 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு எரியாது. யந்திரத்தின் உடலிலோ 115 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஈரக் கையுடனும் வெறுங்காலுடனும் அதைத் தொடுகிறவர் சரீரத்தின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்றால், ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவருக்குள் பாயும். இருதயத்தை நிறுத்த அது போதும். கம்பிகள் இரண்டும் அடித்திருந்தும் உயிருக்குக் காவல் இல்லை.

செய்ய வேண்டிய முறை

மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளுக்கும் சிறிய ஜெனரேட்டர்களை உபயோகிக்கிறார்கள். அங்கும் இதே கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகளின்படி, ஜெனரேட்டர் தன் மீதுள்ள பிளக்குகளின் மூலமும் ஒயர்களின் மூலமும் மட்டும் சாமான்களுக்கு மின்சாரம் கொடுக்குமானால், அதன் இரும்புச் சட்டத்துக்கு மண்ணில் கம்பி அடிப்பது கட்டாயமன்று. ஆனால் ஜெனரேட்டரின் உலோகப் பாகங்களும் பிளக்கின் எர்த்து முனைகளும் சட்டத்துடன் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். வாகனத்தின்மேல் வைத்திருந்தால் ஜெனரேட்டரின் சட்டம் வாகனத்தின் சட்டத்துடனும் பிணைக்கப்பட வேண்டும்.

நம் டிரெயிலருக்கும் இதுவே நெறி. களத்து விளக்குக்கும் சிறு யந்திரங்களுக்கும் ஜெனரேட்டரை உபயோகிப்போர் பின்வருவனவற்றைச் செய்க.

1. ஜெனரேட்டரின் சட்டத்தையும் டிரெயிலரின் இரும்பையும் தடித்த செம்பு ஒயரால், துருவைச் சுரண்டிவிட்டு, நட்டுப் போட்டு முடுக்குக.

2. ஒவ்வொரு யந்திரத்துக்கும் பச்சை ஒயருடன் கூடிய மூன்று ஒயர் கேபிளையே உபயோகிக்க. பிளக் இல்லாமல் வெறும் ஒயரைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் செருகும் வழக்கத்தை அறவே ஒழிக்க. அவ்விதம் செருகினால் எர்த்து இணைப்பு அறுந்துபோகிறது.

3. 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சுவிட்சைப் பொருத்துக. ஜெனரேட்டரின் நியூட்ரல் சட்டத்துடன் இணைக்கப்படாதிருந்தால், பழுதின்போது இச்சுவிட்ச் விழாமல் இருக்கலாம். சில ஜெனரேட்டர்களில் அவ்விணைப்பு உண்டு, சிலவற்றில் இல்லை. யந்திரத்துடன் வந்த புஸ்தகத்தைப் பார்த்து, தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டே அதைச் செய்விக்க.

4. காப்புச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்க்க. அது சுவிட்ச் வேலைசெய்வதை மட்டுமே காட்டும். பச்சை ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்பதை மீட்டரால் தனியே சோதிக்க வேண்டும்.

மோட்டார் கொட்டகைக்குக் கொடுக்கும்போது

ஜெனரேட்டரைக் கிணற்று மோட்டாரின் நிலையான ஒயரிங்குடன் இணைக்கும்போது விதி மாறுகிறது. அப்பொழுது கொட்டகையின் எர்த்துடன் ஜெனரேட்டரின் சட்டத்தை ஒயரால் இணைப்பது இன்றியமையாதது. அந்த எர்த்தும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பொதுவாக எர்த்துக் கம்பி 2.5 மீட்டருக்குக் குறையாமல் மண்ணில் இறங்குவது நலம். செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் கருங்கற் குன்றுகளைச் சூழ்ந்த பல நிலங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும். அவ்விடங்களில் கம்பியைச் சாய்வாக இறக்குக. அல்லது, கம்பியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளிவிட்டு இரண்டு மூன்று கம்பிகளை அடித்து ஒயரால் ஒன்றுசேர்க்க. வாய்க்கால் ஓரம், வரப்படி போன்ற ஈரம் தங்கும் இடமே உத்தமம். கோடையில் கம்பியடியில் ஜலம் ஊற்றிவர வேண்டும்.

மேலும், மின்வாரியக் கம்பியைப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கொட்டகைக்கு மின்சாரம் கொடுத்தல் கூடாது. கொடுத்தால் அது வெளிக்கம்பியில் ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்னோக்கிப் புகுந்து, 11,000 வோல்ட்டாகப் பெருகக்கூடும். புயலுக்குப்பின் அறுந்த கம்பியைச் சீர்செய்ய ஏறியிருக்கும் தொழிலாளி, மின்சாரம் இல்லையென்று நம்பிக் கைவைப்பார். நம் பயிருக்காக அவர் உயிர் போகலாகாது.

இறுதியாக, எந்த எர்த்தும் மேலே செல்லும் உயரழுத்தக் கம்பியிலிருந்து நம்மைக் காக்காது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை யாவரும் அறிவர். வைக்கோல் பாரமோ விளக்குக் கழியோ உயர்ந்த டிரெயிலரைக் கம்பிக்கு அடியில் ஓட்டவும் நிறுத்தவும் வேண்டாம்.

பச்சை ஒயருக்கும் காப்புச் சுவிட்சுக்கும் ஆகும் செலவு ஜெனரேட்டரின் விலையில் சிறு பகுதியே. அதைச் செய்து முடிக்காமல் ஜெனரேட்டரைக் களத்துக்கு அனுப்பாதிருப்பது, கூலியாட்களையும் வீட்டுப் பிள்ளைகளையும் அங்கே வேலைக்கு விடும் ஒவ்வொரு குடியானவரின் கடமையாகும்.