வீட்டுச் சொல்லில் தொடங்கும் எழுத்து

பல வருஷங்களுக்கு முன்னர், ஒரு மாணவியின் கொப்பியில் 'மூத்தம்மா' என்றிருந்ததைச் சிவப்புப் பேனையால் வெட்டி 'பாட்டி' என்று எழுதினேன். அதைத் திருத்தம் என்றுதான் அன்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எழுதிய எதிலும் அவளுடைய வீடு வரவில்லை. நிலவும் தென்றலும் மலரும்தான் வந்தன.

நமது பிள்ளைகளிடம் சொல்வதற்கு விஷயம் இல்லாமலில்லை. வீட்டில் பேசுகிற சொல் இலக்கியத்துக்கு ஆகாது என்று நாம்தான் அவர்களை நம்ப வைத்துவிட்டோம். அதை மாற்றுவதற்காக வகுப்பில் நான் செய்து பார்த்த நான்கு பயிற்சிகள் இவை.

முதலாவது, வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பற்றி எட்டு வரி எழுதுவது. வெற்றிலை வட்டா, தையல் மெசின், வாப்பாவின் சைக்கிள், எதுவும் ஆகலாம். ஆனால் பாசம், கவலை, கண்ணீர், இதயம் ஆகிய சொற்கள் வரக்கூடாது. உணர்ச்சியின் பெயரை நாமே சொல்லிவிட்டால் வாசகர் உணர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. தரம் 10 பிள்ளையொருத்தி, மௌத்தான மூத்தம்மா பாதியில் விட்ட பன்பாயைப் பற்றி எழுதினாள். பாய் மூலையில் சுருட்டிக் கிடக்கிறது. இழைத்து முடிக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீசவும் கை வருகுதில்லை. அவ்வளவுதான். அவள் வாசித்து முடித்ததும் வகுப்பே பேசாமல் இருந்தது.

இரண்டாவது, கூப்பிட்டுப் பேசுவது. கிழக்கிலங்கை நாட்டார் கவி நாலு அடிக்குள் அடங்கும். மச்சான், மச்சி என்று பெரும்பாலும் ஒருவரை விளித்தே பேசும். ஆள் எதிரில் நிற்பதாக நினைத்தால் சொல் தானாகச் சிக்கனமாகும். தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். சுகம் விசாரித்துத் தொடங்காமல், இன்று வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்கட்டும்.

மூன்றாவது கதைக்கானது. பெண் பார்க்க வந்த ஒரு அந்திநேரம். அதைப் பெண்ணும், மாப்பிள்ளையின் உம்மாவும், சர்பத் கொண்டு வரும் தம்பியும் ஆளுக்கு அரைப் பக்கம் சொல்ல வேண்டும். தம்பி கண்டதை மாமி காணவில்லை. மாமி கணக்குப் பார்த்தது பெண்ணுக்குத் தெரியாது. கோணம் என்றால் என்னவென்று பிள்ளைக்கு இதிலேயே விளங்கிவிடும். கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழில் இருக்கலாம். உரையாடல் மட்டும், "என்ன மாமி, குடிக்காம வச்சிரிக்கீங்க?" என்று வீட்டுப் பேச்சாகவே வரட்டும்.

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதன் கதைக்களம் எகிப்து. தூர தேசத்தைக் கற்பனை செய்வதில் பிழையில்லை. ஆனாலும் எழுதப் பழகும் பிள்ளை முதலில் தன் வாசலை நன்றாகப் பார்க்கட்டும்.

நான்காவது, வெட்டுவது. எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நாக்குத் தடக்கும் இடத்தைத் திருத்த வேண்டும். பிறகு முதல் பந்தியை மறைத்துவிட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். பல கதைகள் உண்மையில் இரண்டாவது பந்தியில்தான் தொடங்குகின்றன.

பரீட்சைக் கட்டுரைக்குப் பொது வழக்கு வேண்டும்தான். அதையும் படிப்பிக்கிறேன். அது வேறு வேலை, இது வேறு வேலை என்று பிள்ளைக்குச் சொன்னால் விளங்கும். சிவப்புப் பேனையை எழுத்துப்பிழைக்கு இன்றும் எடுக்கிறேன். மூத்தம்மாவை மட்டும் வெட்டுவதில்லை.