ஒன்பது கொடி... அஞ்சு ஜெயிச்சா போதும்!

வில்லியனூரோ, பாகூரோ... திண்ணையில உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பிரிச்சாலே போதும். ‘என்னடா, சூதாட்டமா?’னு உள்ளேயிருந்து குரல் வரும். வீட்டுல இருக்கறவங்களைக் குறை சொல்ல முடியாது பாஸ்! நம்ம பக்கம் சீட்டுன்னா ரம்மி, மூணு சீட்டு... முடிவுல காசு. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களுக்குத் தடை போட 2025-ல மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்துச்சுன்னா பார்த்துக்கோங்க.

ஆனா, பத்து பைசா பந்தயம் இல்லாம, மூளையை மட்டும் வெச்சு ஆடுற சீட்டாட்டம் ஒண்ணு இருக்கு. பேரு ‘பேட்டில் லைன்’. உருவாக்கினவர் ரெய்னர் நிசியா. ஜெர்மனிக்காரர், கணக்குல டாக்டர் பட்டம் வாங்கினவர். 2000-ல வெளியான இந்த ஆட்டத்துல அலெக்சாண்டர் - டேரியஸ் சண்டைதான் களம். ரெண்டே பேர் ஆடலாம். நாம கோயில் திண்ணையில ஆடின ஆடு புலி ஆட்டம் மாதிரி!

ரம்மி தெரியுமா? பாதி வந்தாச்சு!

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒன்பது கொடி வரிசையா நிக்கும். ஆறு நிறம், ஒவ்வொண்ணுலயும் 1 முதல் 10 வரை... மொத்தம் 60 படைச் சீட்டு. கையில ஏழு. ஒரு தடவைக்கு ஒரு சீட்டை ஏதாவது ஒரு கொடிக்கு உங்க பக்கம் இறக்கிட்டு, கட்டுலேர்ந்து ஒண்ணு எடுக்கணும். ஒரு கொடிக்கு ஒரு பக்கம் மூணு சீட்டுதான். யாரோட மூணு பலமானதோ, கொடி அவருக்கு. மொத்தம் அஞ்சு கொடி பிடிச்சாலும் ஜெயம், பக்கத்துப் பக்கத்துல மூணு பிடிச்சாலும் ஜெயம்!

எது பலம்? ஒரே நிறத்துல தொடர்ச்சியான மூணு எண் வந்தா அதுதான் ராஜா. அடுத்து, ஒரே எண் மூணு. அப்புறம் ஒரே நிறம் மூணு. அதுக்கும் கீழே கலர் கலரா தொடர் எண். எதுலயும் சேராததுக்குக் கடைசி இடம்.

ப்ளஸ் டூவுல படிச்ச ‘காம்பினேஷன்’ ஞாபகம் இருக்கா? 60 சீட்டுல மூணு எடுக்க 34,220 வழி. அதுல ராஜா கை வெறும் 48. ஒரே எண் மூணு வர்றது 200. ஒரே நிறம் 672. தொடர் எண் 1,680. கிடைக்கக் கஷ்டமானதுக்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான் சூத்திரம்!

இதைவிட சூப்பர் விதி ஒண்ணு இருக்கு. எதிராளி தன் மூணு சீட்டையும் இறக்குறதுக்கு முன்னாடியே கொடியை நீங்க கேட்கலாம். ஆனா, ‘இனி எந்தச் சீட்டு வந்தாலும் நீ என்னை ஜெயிக்க முடியாது’ன்னு, மேஜையில கிடக்குற சீட்டுகளை வெச்சே நிரூபிக்கணும். “லேப் வைவா மாதிரி இருக்குடா”னு அலறினான் என் கூட பஸ்ல வர்ற நண்பன்.

தோற்கவும் தெரியணும்

முதல் தடவை ஆடுறவங்க எல்லாக் கொடிக்கும் ஆசைப்படுவாங்க. ஒன்பது இடத்துல ஒன்பது சீட்டு... எதுவுமே பலமா அமையாது. விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டு கொடியைக் கைகழுவி, வேலைக்கு ஆகாத சீட்டையெல்லாம் அங்கே கொட்டுவாங்க. பலத்தை வேற இடத்துல குவிப்பாங்க.

அலெக்சாண்டரும் அதைத்தான் பண்ணினார். கி.மு. 331-ல, இன்றைய வட இராக்குல இருக்கற கௌகமேலாவுல அவரோட இடதுபக்கப் படை திணறிட்டிருந்தது. எதிரே டேரியஸோட வரிசையில ஒரு இடைவெளி விழ, குதிரைப்படையை ஆப்பு மாதிரி அதுக்குள்ளே செலுத்தினார். டேரியஸ் ஓடினார். இந்த ஆட்டத்துல ராஜா கைக்குப் பேரே ‘ஆப்பு’தான்!

அவ்வளவு தூரம் ஏன்? 1752-ல நம்ம பாகூர்லயே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் மோதிச்சு. இந்தப் பக்கம் டூப்ளேவோட உறவுக்காரர் கெர்ஜான், அந்தப் பக்கம் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ். ஆங்கிலேய வீரர்கள் பிரெஞ்சு வரிசையோட நடுப்பகுதியை உடைச்சாங்க. அதோட மொத்த அணியும் சிதறிடுச்சு, கெர்ஜான் சிறைப்பட்டார். பக்கத்துப் பக்கத்துல மூணு கொடி போனா ஏன் ஆட்டமே க்ளோஸ்னு இப்போ புரியுதா?

“செமஸ்டருக்கும் இதேதான் மச்சி. எல்லாப் பேப்பர்லயும் எல்லா யூனிட்டையும் தொட்டுட்டு, எதையும் உருப்படியா முடிக்காம போறோம்ல?”னு ஏரிக்கரையில சீட்டைக் கலைச்சுக்கிட்டே சொன்னா ஒரு தோழி. மறுத்துப் பேச ஆளில்லை.

காசு கொடுத்துதான் வாங்கணும்னு இல்லை. கெட்டி அட்டையை 60 துண்டா வெட்டுங்க, ஆறு நிற ஸ்கெட்ச் பேனாவால எண் எழுதுங்க, கொடிக்கு ஒன்பது புளியங்கொட்டை வைங்க. அசல் பெட்டியில வர்ற பத்துத் தந்திரச் சீட்டைப் பழகினப்புறம் சேர்த்துக்கலாம். சூதாட்டமான்னு வீட்டுல கேட்டா, அவங்களையே எதிர்ல உட்கார வைங்க. ஆனா ஜாக்கிரதை... ரம்மியில கை தேர்ந்த தாத்தாக்கள் நாலு கொடியை அசால்ட்டா பிடிச்சிடுவாங்க!