தொழில் வீசாவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியவர் யார்?

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறந்துவைக்கப்பட்டது. கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்த குடாநாட்டு மக்களுக்கு அது பெரும் ஆறுதலாக அமைந்தது. அதே மாதம் 19 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒருவருக்காக எச்1பி தொழில் வீசாவுக்குப் புதிதாக மனுச் செய்யும் நிறுவனம் 1 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்பதே அப்பிரகடனத்தின் சாரம்.

இவ்விரு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், கணினித்துறைப் பட்டத்துடன் வெளிநாட்டை நோக்கியிருக்கும் பிள்ளைகளைக் கொண்ட எமது வீடுகளில் இவை இரண்டுமே ஒரே மூச்சில் பேசப்படக்கூடியவை. ஒரு நாட்டின் கதவு ஒடுங்கும்போது "வேறு நாட்டுக்கு வேலை வீசா எடுத்துத் தருகிறோம்" என்று வருவோரும் எமக்குப் புதியவர்கள் அல்லர். எனவே, தொழில் வீசா என்பது உண்மையில் என்ன, அதனைப் பெறுபவர் யார், அதற்குப் பணம் கட்டுபவர் யார் என்பவற்றை விளக்கமாக நோக்குவது அவசியமாகின்றது.

எச்1பி வீசா 1990 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு 65 ஆயிரம் இடங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெற்றவர்களுக்கு மேலும் 20 ஆயிரம் இடங்கள். கேட்போர் தொகை இதைவிடப் பன்மடங்கு என்பதால் ஆண்டுதோறும் மார்ச் மாதப் பதிவுகளிலிருந்து குலுக்கல் முறையில் தெரிவு நடைபெற்று வந்தது. 2024 நிதியாண்டில் அங்கீகரிக்கப்பட்ட மனுக்களில் ஏறத்தாழ 71 சதவீதம் இந்தியர்களுடையவை. 2000 ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு குறித்த அச்சம் உலகை ஆட்டிய காலத்தில் சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தொடங்கிய பெரும் பயணத்தின் தொடர்ச்சியே இது.

இங்கு எம்மவர் பலர் கவனிக்கத் தவறும் விடயம் ஒன்றுண்டு. இந்த வீசாவுக்கு மனுச் செய்பவர் தொழிலாளி அல்லர். தொழில் வழங்கும் நிறுவனமே. மனுவுக்குரிய பிரதான கட்டணங்களைத் தொழிலாளியிடம் அறவிடுவதற்கு அமெரிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. பிரித்தானியாவிலும் அனுசரணை அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனமே சான்றிதழ் வழங்க வேண்டும். அதற்கான செலவைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது. கனடாவில் தொழிற்சந்தை மதிப்பீட்டுக்கான கட்டணமும் நிறுவனத்தின் பொறுப்பே. அவுஸ்திரேலியாவிலோ, வீசா அனுசரணைக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசெம்பர் முதல் சட்டவிரோதம். தூதரக விண்ணப்பக் கட்டணம், சுகாதார மேலதிகக் கட்டணம் போன்றவற்றை விண்ணப்பதாரி செலுத்துவதுண்டு. ஆனால் அவை அந்தந்த அரசாங்கத்துக்கு நேரடியாகச் செல்லும் தொகைகள், பற்றுச்சீட்டும் கிடைக்கும். பல இலட்சம் ரூபாவை ஒருவர் கையில் கொடுத்து வாங்கும் "வேலை வீசா" என்பது இந்த நாடுகளின் சட்டங்களில் எங்குமே இல்லை.

உண்மையான வீசா கிடைத்தவர்களின் நிலையும் நாம் நினைப்பது போல் முழுமையான சுதந்திரம் அன்று. வேலை பறிபோனால் பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும். அன்றேல் நாடு திரும்ப வேண்டும். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்தபோது, பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்து வீடும் வாங்கியிருந்த இந்தியக் குடும்பங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தன. ஆட்களை வாடகைக்கு விடும் இடைத்தரகு நிறுவனங்களின் கதை வேறு. வேலை இல்லாத காலத்துக்கும் சம்பளம் வழங்க வேண்டும் என்று சட்டம் கூறினாலும், அத்தகைய நிறுவனங்கள் சில சம்பளமின்றி மாதக்கணக்கில் காக்க வைத்ததை இந்திய இளைஞர்கள் நன்கறிவர். பெரிய நிறுவனங்களும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டவை அல்ல. வணிக வருகை வீசாவில் ஆட்களை அனுப்பி வேலை வாங்கியதான குற்றச்சாட்டில், அதனை மறுத்தபோதிலும், இன்போசிஸ் நிறுவனம் 2013 இல் 34 மில்லியன் டொலர் செலுத்தி அமெரிக்க அரசுடன் இணக்கம் கண்டது.

நிரந்தர வதிவுரிமை விடயத்தில் இந்தியர்களுக்கும் எமக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உள்ளது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் செல்லக்கூடாது என்ற வரையறையால் இந்தியாவில் பிறந்தவர்கள் பல தசாப்தங்கள் காத்திருக்கின்றனர். இலங்கையில் பிறந்தவர்கள் அந்த நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இங்கு கணக்கிடப்படுவது குடியுரிமை அன்று, பிறந்த நாடு. போர்க்காலத்தில் தமிழகத்தில் பிறந்து பின்னர் யாழ்ப்பாணம் திரும்பிய பிள்ளைகள், சில விதிவிலக்குகள் இருந்தாலும், பொதுவாக இந்திய வரிசையிலேயே சேர்க்கப்படக்கூடும். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துத் திட்டமிடுவோர் இதனையும் மனங்கொள்ள வேண்டும்.

கல்வியைக் கைப்பிடித்துக் கடல் கடப்பது எமக்குப் புதிதன்று. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் அதன் வழிவந்த ஆங்கிலப் பாடசாலைகளும் உருவாக்கிய எழுதுவினைஞர்கள், மலாயாவில் புகையிரதப் பாதைகள் போடப்பட்ட காலத்தில் அங்கு சென்று அலுவலகங்களை நிரப்பினர். ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்'மார் கட்டிய வீடுகள் இன்றும் சில கிராமங்களில் நிற்கின்றன. அவர்களை அழைத்தது அரசாங்கத்தினதும் புகையிரதத் திணைக்களத்தினதும் ஆட்தேவை.

இன்றும் கல்வி வழியே ஓரளவு திறந்துள்ள வழியாகத் தோன்றுகின்றது. ட்ரம்ப் பிரகடனத்தின் கட்டணம், அமெரிக்காவில் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர் அங்கிருந்தவாறே எச்1பி நிலைக்கு மாறும்போது அறவிடப்படாது என 2025 ஒக்டோபரில் அந்நாட்டுக் குடிவரவுச் சேவை தெளிவுபடுத்தியது. அதற்காகக் கடன்பட்டுச் செல்வது புத்திசாலித்தனம் என நாம் கூற வரவில்லை. உதவித்தொகையுடன் பட்டமேற்படிப்புக்குச் செல்பவருக்கும், காணியை ஈடு வைத்துப் பெயர் தெரியாத கல்லூரியில் சேர்பவருக்கும் இடையிலான தூரம் பெரிது.

எம்மை உண்மையில் அச்சுறுத்துவது மூன்றாவது வழியாகும். தாய்லாந்தில் கணினி வேலை, தரவு உள்ளீட்டு வேலை, நல்ல சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் ஆசை காட்டப்பட்டுச் சுற்றுலா வீசாவில் சென்ற இலங்கை இளைஞர்கள் பலர், மோய் ஆற்றைக் கடந்து மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அவர்கள் செய்விக்கப்பட்டது இணைய மோசடி. மறுத்தவர்கள் தாக்கப்பட்டனர், விடுவிப்பதற்குக் குடும்பங்களிடம் பணம் கோரப்பட்டது. அரசாங்கத்தின் இராஜதந்திர முயற்சிகளால் 2024 இலும் 2025 இலும் இலங்கையர் குழுக்கள் மீட்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் அங்குள்ள முகாம்களிலிருந்து பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வெளியே கொண்டுவரப்பட்டமை இக்கொடுமையின் பரிமாணத்தைக் காட்டிற்று. இவர்களிற் பலர் ஆங்கிலமும் கணினியும் தெரிந்தவர்கள். அதனாலேயே அவர்கள் குறிவைக்கப்பட்டனர்.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பது இந்நாட்டில் குற்றமாகும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அனுமதி பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியலைத் தனது இணையத்தளத்தில் வெளியிட்டுள்ளது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். முகவருக்கு அனுமதி இருப்பது மட்டும் போதாது. குறித்த வேலைக்கான ஆட்சேர்ப்புக்குப் பணியகத்தின் அங்கீகாரம் பெறப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். பிரித்தானிய உள்துறை அமைச்சு, அனுசரணை வழங்கத் தகுதிபெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலையும் எவரும் பார்க்கக்கூடியதாக வைத்துள்ளது. எச்1பி மனுச் செய்த நிறுவனங்களின் விபரங்களை அமெரிக்கக் குடிவரவுச் சேவையின் தளத்தில் ஆண்டுவாரியாகக் காணலாம். முகவர் கூறும் நிறுவனத்தின் பெயர் இவற்றில் இல்லையென்றால், முற்பணம் கேட்கப்படும் முன்பே பேச்சை நிறுத்திவிடலாம்.