மருந்தடித்த வயலில் புகையான் பெருகுவது ஏன்?

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானுக்கு மருந்தடித்ததும் சில நாள் வயல் அமைதியாக இருக்கும். பிறகு அடுத்த தலைமுறை கிளம்பும்போது, மருந்தே காணாத பக்கத்து வயலைவிட இங்கே பூச்சி மொய்க்கும். போலி மருந்து என்று கடைக்காரர் மீது பழி விழும். பல நேரம் மருந்து அசல்தான். பூச்சியைக் கொல்லும் அளவுக்கு அது உடம்பில் ஏறவில்லை என்பதே சிக்கல்.

பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். செல்லையா, ஈ.ஏ. ஹைன்ரிக்ஸ் குழுவினர் இதை ஆராய்ந்து 1980-இல் முடிவுகளை வெளியிட்டனர். டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்ற மருந்துகள் சாகாத அளவில் பட்ட புகையான், வழக்கத்தைவிட அதிகமாக இனம் பெருக்கியது. சாறு உறிஞ்சுவதும் கூடியது. டிரையசோபாஸ் மருந்தைச் சோதித்த சீன ஆய்வாளர்கள், முட்டைக் கருவுக்குத் தேவையான புரதம் பெண் பூச்சியின் உடலில் கூடுவதைக் கண்டனர்.

சாதாரணமாகவே ஒரு பெண் பூச்சி 200 முட்டைக்கு மேல் இடும். இலையுறையைக் கீறி, திசுவுக்குள் வரிசையாகச் செருகிவிடும். மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே எட்டாது.

பூச்சி சாகாத அந்தக் குறைந்த அளவு மருந்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் தெளிப்பிலிருந்தேதான். புகையான் தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தூரில் இருக்கிறது. நாமோ இலைமேல் அடிக்கிறோம். கீழே சொட்டுவது கொஞ்சம். முன்பு அடித்ததும் நாளாக ஆக வீரியம் குறைந்து பயிரில் தங்கும். புகையானைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதற்குள் செத்திருக்கும். பெருகுவதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

எல்லா மருந்தும் முட்டையைக் கூட்டுவதில்லை. இமிடாகுளோபிரிட் சாகாத அளவிலும் முட்டையைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆசியாவின் பல பகுதிகளில் புகையான் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரும் சேதத்துக்குப் பிறகு கற்றது. 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் புகையானுக்கு செயற்கைப் பைரித்திராய்டு, மெத்தில் பாரத்தியான், குயினால்பாஸ் வேண்டாம் என்கிறது. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அடிப்பதானால் தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, தூர் நனைய அடிக்க வேண்டும்.